பாக்கியம் பாயாத ஐந்தடி

குலசிங்கத்தாரின் மூத்த மகள் பாக்கியரத்தினம் ஒரு காலத்தில் ஐந்தரை அடி உயரம் பாய்ந்தவள் என்று திருகோணமலையில் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எத்தனையோ பேர். பச்சைப் பொய். ஐந்தரையும் இல்லை, ஐந்தும் இல்லை. அவள் பாய்ந்தது நாலடி பத்து அங்குலம். அதற்கு மேலே இருந்த இரண்டே இரண்டு அங்குலம் தன்னால் ஆகுமா ஆகாதா என்று தெரியாமலேதான் பாக்கியம் பதினெட்டு வயதிலிருந்து நாற்பது வயது வரைக்கும் கிடந்து புழுங்கினாள். ஆகாது என்றால் ஆகாது, விட்டுத் தொலைக்கலாம். போட்டியில் கம்பை வைத்துப் பார்த்தால்தானே தெரியும்? அந்தக் கம்பை அவளுக்கு முன்னால் வைக்கத்தான் ஒருத்தருக்கும் நேரம் வரவில்லை.

பாய்ச்சலை அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தகப்பன் குலசிங்கம் வெள்ளைக்காரனின் கடற்படைத் துறையில் இயந்திரம் பூட்டிக் கழற்றுகிற பிற்றர் வேலை பார்த்தவர். உவர்மலையடியில் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கடற்படைக்காரர்களின் மைதானம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் பாக்கியமும் அவளுடைய வகுப்புக்காரி ஸுல்பிகாவும் புத்தகக் கட்டோடு நின்று பார்ப்பார்கள். அங்கே முகமெல்லாம் செம்புள்ளி விழுந்த சிப்பாய் ஒருவன், மற்றவர்களைப் போலக் கால்களைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிப் பாயாமல், கம்புக்குப் பக்கத்துக் காலால் உந்தி, மற்றக் காலை வானத்துக்கு வீசி, கம்புக்கு மேலே ஒருக்களித்துப் படுத்தபடி போய் விழுந்தான். பாக்கியம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து உடுப்புக் காயப்போடுகிற கொடியை அவிழ்த்து, ஒரு நுனியை முருங்கை மரத்தில் கட்டி, மறு நுனியை ஸுல்பிகாவின் கையில் கொடுத்தாள்.

"என்ன புள்ள, விசர் கிசர் புடிச்சிட்டா?" என்றாள் ஸுல்பிகா. ஆனாலும் கொடியைப் பிடித்தாள். அன்றைக்குப் பிடித்தவள் பள்ளிக்கூடம் முடியும் வரைக்கும் பிடித்தாள்.

கட்டாந்தரையில் விழுந்து விழுந்து பாக்கியத்தின் முழங்கையும் இடுப்பும் தோலில்லாமல் போயின. ஒருநாள் குலசிங்கம் கண்டுவிட்டார். வீடு கிடுகிடுக்கக் கத்தினார். பொம்பிளைப் பிள்ளை கையைக் காலை முறித்துக்கொண்டு நின்றால் எவன் வந்து கட்டுவான் என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால் மனுஷன் மண்வெட்டியோடு வளவின் பின்பக்கத்தில் நிற்கிறார்! இடுப்பளவு கிடங்கு வெட்டி, வண்டில் பிடித்துக் கிண்ணியாப் பக்கத்திலிருந்து ஆற்றுமணல் இறக்கி நிரப்பினார். கம்பு நிறுத்த இரண்டு சவுக்கங்கால் நட்டு, நாலடி பத்து வரைக்கும் அங்குலத்துக்கு அங்குலம் ஆணி அடித்துக் கொடுத்தார். பிற்றர் வேலைக்காரன் அல்லவா, ஆணி ஒன்றுகூடக் கோணவில்லை. அவ்வளவையும் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே செய்து முடித்தார்.

அப்படிப்பட்ட தகப்பன். அதனால்தான் பின்னால் நடந்ததை நினைக்க நினைக்கப் பாக்கியத்துக்கு வயிறு எரிந்தது. ஆகாத மனுஷன் என்றால் ஏசிவிட்டுப் போகலாம்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மாவட்டப் பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டியில் பாக்கியம் நாலடி பத்துப் பாய்ந்தாள். கூடப் பாய்ந்த பிள்ளைகள் நாலடி நாலிலேயே நின்றுவிட்டார்கள். மைதானத்தில் நின்ற சனம் எழும்பி நின்று கை தட்டியது. பாக்கியத்துக்கு உடம்பில் களைப்பே இல்லை. கால் இரண்டும் 'வை, வை' என்று துடித்தன.

"ரீச்சர், அஞ்சடிக்கு வைக்கச் சொல்லுங்கோ," என்றாள்.

உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிற பி.ரி. ரீச்சர் அவளுடைய தோளைப் பிடித்து இழுத்து ஒரு துவாயைப் போர்த்திவிட்டார். "வெண்டாச்சுத்தானே பிள்ளை. இன்னும் நாலு கிழமையில கொழும்பில அகில இலங்கைப் போட்டி. மிச்சத்தை அங்க வைச்சுக்கொள். இஞ்ச பாய்ஞ்சு காலைக் கெடுக்காத."

நல்ல மனத்தோடு சொன்னதுதான். பாக்கியமும் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினாள். அன்றைக்கு அடம்பிடித்து ஒரு பாய்ச்சல் பாய்ந்திருக்கக் கூடாதா? ஒரேயொரு பாய்ச்சல்! துவாயை உதறிப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். இதை எத்தனை வருஷம் நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. குலசிங்கத்துக்கு வேலை போய்விட்டது. போகிற நேரம் கொடுத்த தொகை மட்டும் கையில் இருந்தது. அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் நகை நட்டுக்கு முன்னால் வீடு வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வருவான். வீடு இல்லாத பிள்ளையை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கையிலிருக்கிற காசு சோற்றுக்கும் கறிக்கும் கரைந்து போவதற்குள் மூத்தவளுக்கு ஒரு கல்வீட்டை எழுப்பிவிட வேண்டும் என்று குலசிங்கம் தலைகீழாக நின்றார். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளார்க்காக இருந்த யோகலிங்கம் என்கிற பெடியனைப் பேசியும் வைத்துவிட்டார்.

எங்கே கட்டுவது? வளவோ மலைச்சரிவு. முன்பக்கத்தில் இருக்கிற வீடு இளையவர்களுக்கு வேண்டும். சமமாகக் கிடந்த நிலம் பின்பக்கத்தில் ஒரே ஒரு துண்டுதான். பாக்கியம் ஓடுகிற இடமும் பாய்கிற கிடங்கும் அதுதான்.

பள்ளிக்கூடத்தால் வந்தவள் பார்க்கிறாள், சவுக்கங்கால் இரண்டையும் பிடுங்கி வேலியோரம் சாத்தியிருக்கிறது. கிண்ணியாவிலிருந்து வந்த மேசன் ஆதம்பாவா நூல் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அப்பா! என்ன இது?"

"உனக்குத்தான் பிள்ளை. உன்ர வீடு." குலசிங்கத்தின் முகம் பூத்துப் போய் இருந்தது. "ரெண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி. குசினிக்குப் புகைக்கூடும் வைக்கிறன்."

"கொழும்புக்கு இன்னும் மூண்டு கிழமைதான் கிடக்கு. நான் எங்க பழகிறது?"

"இவ்வளவு நாளும் பழகினது காணாதே?"

ஆதம்பாவா கிடங்கை எட்டிப் பார்த்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. "நல்ல ஆத்துமணல் அண்ணன். இனி மணலுக்கு வண்டில் புடிக்கத் தேவையில்ல. இதையே சுண்ணாம்போட கலந்துக்கலாம்," என்றார். கலந்தார்கள். அவள் விழுந்து எழும்பின மணலைச் சல்லடையில் அரித்து அவளுடைய வீட்டுச் சுவருக்கே சாந்தாகக் குழைத்தார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

பாக்கியம் விடவில்லை. விடியப்புறம் ஸுல்பிகாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். வலை காயப்போடுகிற இடத்தில் இரண்டு தோணித் தடியை நட்டுக் கயிறு கட்டிப் பழகினாள். ஈர மணலில் காலை உந்தினால் கால் புதைந்தது. புதைந்தாலும் பாய்ந்தாள். கொழும்பில் புல்தரை, அங்கே இன்னும் சுகமாக இருக்கும் என்று ஸுல்பிகாவுக்குச் சொல்லிச் சொல்லிப் பாய்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் நிலை வைக்கிற கதை வந்தது.

வீட்டுக்கு வாசல் நிலை வைப்பதென்றால் சும்மா மரத்தை நிறுத்துகிற வேலை இல்லை. சாத்திரியார் நாள் பார்க்க வேண்டும். வீட்டுக்கு உரியவள் குளித்து முழுகி வந்து, நிலைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு, நிலையில் கை வைத்துத் தூக்கிவிட வேண்டும். சாத்திரியார் பார்த்துக் கொடுத்த நாள் ஆனி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை காலமை. கொழும்புப் போட்டியும் அதே சனிக்கிழமைதான். குலசிங்கம் போட்டி எந்த நாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாக்கியமும் நிலை எந்த நாள் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் பாட்டில் ஓடித்திரிந்தார்கள். வியாழக்கிழமை, அவள் ரயிலுக்குப் பெட்டி அடுக்குகிற நேரத்தில்தான் தாய் வந்து கேட்டாள், "சனிக்கிழமை நிலை வைக்க வேணும், நீ எங்க பிள்ளை வெளிக்கிடுகிறாய்?" என்று.

வீட்டில் பெரிய அமளி. பி.ரி. ரீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, ஒரு கிழமை தள்ளி வையுங்கோ. இந்தப் பிள்ளை வெல்லும். எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"ரீச்சர், அடுத்த கிழமை ஆடி பிறந்திடும். ஆடிக்குள்ள நிலை வைக்கேலாது. ஆவணி மட்டும் இழுத்தால் மாப்பிள்ளை வீட்டார் நிக்கமாட்டினம். அவைக்கு இன்னும் ரெண்டு இடம் பேச்சில கிடக்கு."

"அப்ப நீங்களும் அம்மாவும் நிண்டு வையுங்கோவன்."

"நானும் அவவும் வைச்சால் அது எங்கட வீடு. அவளின்ர வீட்டுக்கு அவள்தான் கை வைக்க வேணும்." குலசிங்கம் மகளைப் பார்த்தார். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "பாய்ச்சல் அடுத்த வருசமும் பாயலாம் பிள்ளை. எனக்கு இன்னொரு வீடு கட்டக் காசில்லை."

அதட்டியிருந்தால் பாக்கியம் வேலி பாய்ந்து ஓடியிருப்பாள். மனுஷன் கெஞ்சிவிட்டார். என்ன செய்வது? ரயில் அவளில்லாமல் போனது.

சனிக்கிழமை காலையில் புதுச்சேலை உடுத்துக்கொண்டு நின்றாள். ஆதம்பாவாவும் கையாட்களும் முதிரை மரத்து நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் இரண்டு கால், மேலே குறுக்கே ஒரு சட்டம். போதாக்குறைக்கு அது நின்ற இடம் அவள் காலை உந்துகிற அதே இடம். பாக்கியத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அந்த நிலையை எட்டி ஓர் உதை விட வேண்டும் போல் இருந்தது. சந்தனத்தைப் பூசினாள். மாவிலையைக் கட்டினாள். எல்லோரும் அரோகரா என்றார்கள்.

திங்கட்கிழமை ரீச்சர் சொல்லியனுப்பினார். கொழும்பில் முதலாவதாக வந்த பிள்ளை பாய்ந்தது நாலடி ஒன்பது.

நாலடி ஒன்பது! பாக்கியம் கிணற்றடியில் போய் இருந்துகொண்டு சிரித்தாள். தாய் பயந்து போய்த் திருநீறு பூசினாள்.

கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. யோகலிங்கம் நல்ல மனுஷன், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தைக் கொண்டுவந்து அப்படியே கையில் தருவார். பாயப் போகிறேன் என்று அவள் கேட்டபோதும் "ஓம் ஓம், பாயுங்கோ பாக்கியம், ஆர் வேண்டாம் எண்டது" என்றுதான் சொன்னார். அடுத்த வருடம் போட்டி வந்த நேரம் மூத்தவள் வயிற்றில். அதற்கடுத்த வருடம் பிள்ளைக்குப் பாலூட்டு. அதற்கடுத்தது இளையவன். பள்ளிக்கூடமும் முடிந்துவிட்டதால் பேர் கொடுக்கக் கழகம் ஒன்று வேண்டும். திருகோணமலையில் பெண்கள் பாயக் கழகம் எங்கே இருந்தது? ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லைதான். வா என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

யோகலிங்கத்திடம் ஒரேயொரு கெட்ட பழக்கம் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி வருமுன்னே தொடங்கிவிடுவார்.

"எங்கட பாக்கியம் லேசுப்பட்ட ஆளில்லை. அகில இலங்கையில முதலாவதா வந்திருக்க வேண்டியவ. அஞ்சடி பாய்ஞ்சவ தெரியுமே!"

"நான் அஞ்சடி பாயேல்லை," என்பாள் பாக்கியம் குசினியிலிருந்து.

"அவ அப்பிடித்தான் சொல்லுவா. தன்னடக்கம்."

தன்னடக்கமாம்! அவளுக்கு நெஞ்சு கொதிக்கும். முதல் வருடங்களில் ஐந்தடி என்றார். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஐந்தடி இரண்டு ஆனது. மூத்தவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின காலத்தில் ஐந்தரை அடியில் வந்து நின்றது. பிள்ளைகளும் அதையே போய் வகுப்பில் சொன்னார்கள். சந்தைக்குப் போனால் மீன்காரன் கேட்கிறான், "அஞ்சரை அடி பாய்ஞ்ச அம்மா நீங்கதானே?" என்று.

ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் வெடித்தாள். "இஞ்சேருங்கோ, அந்தக் கதையை விடுங்கோ. நான் பாயாததை எல்லாம் நீங்கள் பாய்ஞ்சு முடிக்கிறியள்."

"உங்களைப் பெருமையாத்தானே சொல்லுறன்," என்றார் யோகலிங்கம். அவருடைய முகம் வாடிப் போய்விட்டது. இந்த மனுஷனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அறுபத்தைந்தில் பாக்கியத்துக்குத் தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க இருந்த இடத்தில் இருந்து கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் கந்தளாய்க்கும் இணைப்புக் கொடுக்கிற வேலை. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வருடா வருடம் விளையாட்டுப் போட்டி உண்டு என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பேர் கொடுத்தாள். பெண்களுக்கு என்னென்ன வைத்திருந்தார்கள்? ஊசியில் நூல் கோர்த்து ஓடுதல், கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுதல், சங்கீதக் கதிரை. ஆண்களுக்கு உயரம் பாய்தல் இருந்தது. பெண்களுக்கும் வையுங்கள் என்று கேட்டதற்குக் குழுவிலிருந்த ஒரு பெரியவர், "சேலையோட பாய்ஞ்சு விழுந்தால் ஆருக்கு அவமானம் தங்கச்சி?" என்றார். அந்த வருடம் தேசிக்காய் ஓட்டத்தில் பாக்கியம் முதலாவதாக வந்தாள். பரிசாகக் கிடைத்த பீங்கான் கோப்பையில் அவள் ஒருநாளும் சாப்பிடவில்லை. பூனைக்குப் பால் வைத்தாள்.

ஒவ்வொரு வருடமும் கேட்டாள். ஒவ்வொரு வருடமும் சிரித்தார்கள். குலசிங்கம் காலமானார். பாக்கியத்தின் நெற்றியோரம் நரை விழுந்தது. இருந்து இருந்தே வலது முழங்காலில் ஒரு பிடிப்பு வந்து சேர்ந்தது. கம்பை அங்குலத்தால் அளந்த நாடு சென்ரிமீற்றருக்கு மாறியது. அவளுடைய ஐந்தடி மட்டும் தொட்டுப் பார்க்காமல் அப்படியே கிடந்தது.

எண்பத்தொன்றில் அன்ஸார் என்று ஓர் இளம் விளையாட்டு உத்தியோகத்தர் மாற்றலாகி வந்தார். பாக்கியம் வழக்கம்போலப் போய்க் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "வைப்பமே மெடம். ஏன் வைக்கக் கூடாது?" என்றார். பாக்கியத்துக்குக் காது கேட்டது சரிதானா என்று சந்தேகமாகிவிட்டது.

ஸுல்பிகா அப்போது ஆஸ்பத்திரியில் மிட்வைஃப். இரண்டு பேரும் பின்னேரங்களில் மறுபடியும் கடற்கரைக்குப் போனார்கள். காற்சட்டைக்கு மேலே தொளதொளத்த பாவாடை ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டு நாற்பது வயதுக்காரி பாய்ந்தாள். வலைக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். நாலடி வந்தது. நாலடி நாலு வந்தது. ஒருநாள் நாலடி ஆறும் வந்தது. முழங்கால் மட்டும் இரவில் விண்விண் என்று குத்தியது.

போட்டி நாள். ஊருக்குள் திரிந்து மைதானத்தில் மேய்ந்த மான்களைத் துரத்திவிட்டு மணல் கிடங்கைக் கொத்தி வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் பேர் வாசித்தார்கள். பாக்கியம் போய் நின்றாள். வேறொருத்தியும் வரவில்லை. அன்ஸார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மெடம், ஒரு சிக்கல். மூணு பேராவது இல்லாட்டி போட்டி நடத்த ஏலாது. விதி அப்பிடி."

பாக்கியத்துக்குக் கண் இருண்டது. இருபத்திரண்டு வருஷம். இப்போது ஆள் போதாதாம்! பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்வையாளர் கொட்டகைக்கு ஓடினாள். அங்கே அவளோடு வேலை செய்கிற கமலாதேவி இருந்தாள். நல்ல பாரமான உடம்புக்காரி. மடியில் கொறித்துக்கொண்டிருந்த கச்சான் கொட்டைப் பொதி.

"கமலா, எழும்பு. உயரம் பாய வேணும்."

"ஆர், நானோ? உனக்கென்ன மூளை கழண்டு போச்சே? என்ர உடம்பைப் பார்."

"பாய வேண்டாம். ஓடிப் போய்க் கம்பைத் தட்டிவிட்டு வா. உன்னைக் கும்பிட்டன்."

ஸுல்பிகாவைக் கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. அவள் முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். "அப்ப கொடியப் புடிச்சன், இப்ப கம்ப விழுத்திறன். வா புள்ள," என்றாள்.

கம்பை மூன்றரை அடியில் வைத்தார்கள். ஸுல்பிகா ஓடிப் போய்க் கம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் நடந்து போனாள். மைதானம் விழுந்து விழுந்து சிரித்தது. கமலாதேவி கம்பையும் நிறுத்துகாலையும் சேர்த்துக்கொண்டு மணலுக்குள் போய் உருண்டாள். இரண்டு பேரும் மும்முறையும் விழுத்தி முடித்தார்கள். பாக்கியம் ஒரே தரத்தில் தாண்டினாள்.

"பெண்களுக்கான உயரம் பாய்தல், முதலாம் இடம் திருமதி பாக்கியரத்தினம் யோகலிங்கம்! முன்னாள் அகில இலங்கைச் சாம்பியன், ஐந்தரை அடி பாய்ந்த வீராங்கனை!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. அறிவிப்பாளருக்குப் பக்கத்தில் யோகலிங்கம் பல் தெரிய நின்றார். வேறு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? கயிறிழுக்கிற ஆட்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஒருவர் கம்பைக் கழற்றப் போனார்.

பாக்கியம் கம்பை எட்டிப் பிடித்தாள்.

"கழட்டாதேங்கோ. நான் இன்னும் பாய்ஞ்சு முடிக்கேல்லை."

"வெண்டாச்சுத்தானே அம்மா. கப்பும் உங்களுக்குத்தான்."

"எனக்கு உங்கட கப் வேண்டாம்!" அவளுடைய குரல் ஒலிபெருக்கியில்லாமலே கொட்டகை வரைக்கும் போனது. "வெண்டவள் விரும்பின உயரத்துக்குக் கம்பை வைக்கச் சொல்லலாம். விதி தெரியாட்டிக் கேட்டுப் பாருங்கோ. அஞ்சடிக்கு வையுங்கோ."

அன்ஸார் ஓடி வந்தார். "அஞ்சடியா? இடையில நாலடி, நாலரை எண்டு வைக்கவா மெடம்?"

"வேண்டாம் தம்பி. என்ர முழங்காலில மூண்டு பாய்ச்சலுக்கு மேல இல்லை. நேரா அஞ்சடி."

"அஞ்சடி எண்டா எத்தின சென்ரிமீற்றர்?"

"நூற்றைம்பத்திரண்டு," என்றாள். எப்போதோ கணக்குப் பார்த்து வைத்திருந்தாள்.

கயிறிழுக்கிறவர்கள் முணுமுணுத்தபடி கயிற்றைக் கீழே போட்டார்கள். கம்பு ஏறியது. பாக்கியம் முதல் முறையாக அதைத் தனக்கு முன்னால் பார்த்தாள். அவளுடைய கண்ணுக்கு நேரே, மூக்கை இடிக்கிற மாதிரி நின்றது. இவ்வளவுதானா என்றும் இருந்தது, இவ்வளவா என்றும் இருந்தது.

முதல் ஓட்டத்தில் கால் உந்த மறந்து நெஞ்சு போய்க் கம்பில் இடித்தது. மைதானம் 'ச்சூ' என்றது. இரண்டாவதில் காலை வீசினாள், உடம்பு எழும்பியது, இடுப்பு தட்டிக் கம்பைக் கூட்டிக்கொண்டு விழுந்தது. ஸுல்பிகா ஓடி வந்து முழங்காலைப் பிடித்துவிட்டாள். "காணும் புள்ள," என்றாள் காதுக்குள். "இன்னும் ஒண்டு கிடக்கு," என்றாள் பாக்கியம்.

மூன்றாவது பாய்ச்சலுக்காகப் பின்வாங்கிப் போய் நின்றாள். மைதானம் அடங்கிவிட்டது. ஓடினாள். இடது காலைக் குத்தி, வலது காலை வீசினாள். தோள் போனது. இடுப்பு போனது. கம்புக்குக் கம்பாகப் படுத்தபடி அவள் மேலே கிடந்த அந்தக் கண்ணிமைக்கிற நேரத்தில் சனம் ஓவென்று எழும்பியது. பின்னால் வந்த காலின் குதி கம்பில் பட்டது. மணலில் மல்லாக்க விழுந்தவள் மேலே பார்த்தாள். கம்பு ஆடியது. ஆடி, ஒரு பக்கம் நழுவி, அவளுடைய வயிற்றில் வந்து விழுந்தது.

யோகலிங்கம் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் அன்ஸாரும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள்.

"காத்துத் தட்டினது!" என்று கத்தினார் யோகலிங்கம். "நான் கண்டனான். கடல் பக்கத்தால காத்து அடிச்சது. கம்பும் ஒழுங்கா வைக்கேல்லை. தம்பி, இன்னொருக்கா வையுங்கோ. இது கணக்கில்லை."

"மெடம், வேணுமெண்டா இன்னொண்டு தாறன்," என்றார் அன்ஸார். "காத்தெண்டே எழுதிக்கொள்ளலாம்."

பாக்கியம் மணலில் எழும்பி இருந்தாள். வாயில் மணல். துப்பினாள். கம்பை வயிற்றிலிருந்து எடுத்து அன்ஸாரின் கையில் கொடுத்தாள். அவளுடைய முகத்தில் இருந்தது அழுகையா சிரிப்பா என்று யோகலிங்கத்துக்கு விளங்கவில்லை.

"காத்துமில்லை, கம்புமில்லை," என்றாள். "என்ர கால். நான்தான் தட்டினனான். என்னால ஏலேல்லை." பிறகு புருஷனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "தூக்கிவிடுங்கோ. இனி வீட்டை வாற ஆக்களுக்கு இதைச் சொல்லுங்கோ."